வேறு கிளைகள் இல்லை

ராஜரத்தினம் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினேழு வயதில் திசையன்விளையிலிருந்து தி.நகருக்கு வந்து இறங்கியதும் அண்ணன் முத்துகிருஷ்ணன் கொடுத்த முதல் வேலை, தன் ஜவுளிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஸ்டூல் மேல் நின்று, எந்தக் கை எந்தத் துணியை எந்தப் பைக்குள் தள்ளுகிறது என்று காவல் காப்பது. பதினோரு வருடம் நின்றார். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் ஒரே நாளில் ஒன்பது பேரைப் பிடித்தார். அதில் இரண்டு பேர் ஒன்றுமே எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்டூலை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கண் போகவில்லை. அண்ணன் கடையின் வாசல் பக்கத்துப் பாதியைத் தடுத்து வாங்கி, டி.வி.யில் மாட்டி விளையாடும் கன்சோல் பெட்டிகளையும் அவற்றுக்கான கேம்களையும் விற்க ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் பாத்திரம், நகை, துணி என்று ஒரே சாலில் உழ, தான் மட்டும் விலகி வந்ததில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் பலகையை மட்டும் அண்ணனைப் பார்த்தே எழுதி மாட்டினார்: 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை.'

அவருடைய வியாபார சாஸ்திரம் மொத்தமும் அந்தப் பலகைதான். இந்த கேம் இந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். ஆசைப்பட்டவன் பெட்டியை வாங்கித்தான் தீர வேண்டும். பல வருடம் இதைச் சொல்லியே பிழைத்தார். அப்புறம் பெட்டி செய்கிற கம்பெனிக்காரனே அந்த கேம்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கும் விட ஆரம்பித்தான். ராஜரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறு போட்டவனே இலையை உருவினால் வராதா?

"வேற கிளை இல்லன்னு சொல்லிட்டுத் தெருவுக்குத் தெரு கிளை தொறந்தா, எவன் இங்க வருவாங்கேன்?" என்று மனைவி சண்முகவடிவிடம் பொருமினார்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கம்ப்யூட்டர் வச்சிருக்கவன் என்னைக்கு நம்ம கடைக்கு வந்தான்? டி.வி. முன்னால காலை நீட்டி உக்காந்து, வீட்டு ஆளுங்களோட ஆடணும்ங்கவன்தான் வாரான். அவன் எங்க போவப் போறான்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவளுடைய தம்பி கிண்டியில் கம்ப்யூட்டர் விற்பது உடனே ஞாபகம் வந்தது. அன்று இரவு வரை மனைவியோடு பேசவில்லை.

ஆனி மாதக் கடைசியில் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆறு மாசமா ஒரு பெட்டி நகரல. ஆடி முடியுறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வித்துக் காட்டு. இல்லன்னா அந்தப் பாதியில நைட்டி ஸ்டாண்டு போட்டுருவேன்." நைட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். இருந்தும் அண்ணனுக்கு அது பன்னிரண்டு மாதமும் விற்கிறது. அந்தக் கணக்குதான் ராஜரத்தினத்துக்குப் புரியவே இல்லை.

ஆடி முதல் சனிக்கிழமை ஆசிஃப் வந்தான். சைதாப்பேட்டைக்காரன், ஏ.சி. மெக்கானிக், முப்பத்தைந்து வயதிருக்கும். பார்வைக்கு வைத்திருந்த கன்சோலில் பத்து நிமிடம் கார் ஓட்டினான், போய்விட்டான். ராஜரத்தினம் கையைக் கவனித்தார். விளையாடிப் பழகிய கையாகத் தெரிந்தது.

இரண்டாம் சனிக்கிழமை, பெட்டியைத் திருப்பி அதன் முதுகை போனில் படம் எடுத்தான். வாங்குகிறவன் எவனாவது முதுகைப் படம் எடுப்பானா?

மூன்றாம் சனிக்கிழமை, கார் ஓட்டிக்கொண்டே வாயைத் திறந்தான். "அண்ணாச்சி, இந்த கேமு கம்ப்யூட்டர்லயே வர்தாமே. அப்பால இந்த டப்பா இன்னாத்துக்கு?"

அவ்வளவுதான். ஸ்டூல் மேல் நின்ற பழைய ஆள் ராஜரத்தினத்துக்குள் எழுந்துவிட்டான். "அதானே பாத்தேன்," என்றார். "இங்க தொட்டுப் பாத்துட்டு அங்க போய் வாங்கிக்கிட இது என்ன சத்திரமா, தம்பி? கம்ப்யூட்டர்காரனுக்கு இங்க என்ன சோலி?" டி.வி.யை அணைத்தார். அவன் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஆசிஃப் வெறும் கையைப் பார்த்தான். பிறகு, "சரி அண்ணாச்சி," என்று போய்விட்டான். அன்று மதியம் அண்ணனிடம், "ஒருத்தனைப் பிடிச்சேன்," என்று பெருமையாகச் சொன்னார்.

ஆடியின் கடைசிச் சனிக்கிழமை. தள்ளுபடிக் கூட்டத்தில் கடை வாசலில் நிற்கக்கூட இடமில்லை. அந்த நெரிசலில் ஆசிஃப் உள்ளே வந்தான், கூடவே அவன் மனைவி ஷம்ஷாத். வந்தது இவரிடம் அல்ல, தடுப்புக்கு அந்தப் பக்கம், நைட்டி பார்க்க. ராஜரத்தினத்தின் கண் வழக்கம்போல் கைக்குப் போனது. கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உஸ்மான் ரோட்டில் வேறொரு கடையில் வாங்கியது. உள்ளே இருப்பது அதே கன்சோல்.

தடுப்பைத் தாண்டிப் போய், "கம்ப்யூட்டர்ல ஆடுவேன்னியே?" என்றார்.

"என்னாண்ட ஏது அண்ணாச்சி கம்ப்யூட்டரு? என் மச்சான்தான் ஏத்தி வுட்டான், கம்ப்யூட்டர்லயே வர்து, இது தண்டம்னு. இவ அதையே புடிச்சிக்கினா. இவளாண்ட சொல்றதுக்கு ஒரு பதில் வோணும். அதான் உங்கள கேட்டேன்."

"பின்னால படம் எடுத்தது?"

"எங்க வூட்டு டி.வி. பழசு. அந்த ஒயரு சொருவ எடம் கீதான்னு இவளுக்கு அனுப்பிப் பாத்தேன்."

ராஜரத்தினம் கேட்டார்: "அந்தக் கடைக்காரன் என்ன பதில் சொன்னான்?"

ஷம்ஷாத் நைட்டியின் தையலை இழுத்துப் பார்த்தபடியே சொன்னாள்: "கம்ப்யூட்டர்ல வந்தா வரட்டும்மா, வூட்டு டி.வி.ல புள்ளைங்களோட உக்காந்து ஆடறதுக்கு இதான் தோதுன்னாரு. சரின்னு பட்டுது, வாங்கிட்டோம்."

கீரை ஆய்ந்துகொண்டு சண்முகவடிவு சொன்ன அதே பதில். அது கையில் இருந்தும் ஒரு மாதமாக அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"இங்கயே வாங்கியிருக்கலாமே, தம்பி," என்றார். அப்போதுதான் ஆசிஃபின் முகத்தைப் பார்த்தார். சாதுவான முகம். கோபம் என்று ஒன்றும் அதில் இல்லை.

"எனக்கும் இந்தக் கடைலதான் வாங்கணும்னு இருந்துச்சு அண்ணாச்சி. உங்களுக்கு வேற எங்கனா பிராஞ்சு இருந்தா அங்க போயிருப்பேன். அதான் இல்லன்னு போர்டுலயே போட்டுக்கீறீங்களே."

ஷம்ஷாத் இரண்டு நைட்டி எடுத்தாள். அவர்களுக்கு பில் போட்ட கையோடு முத்துகிருஷ்ணன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார்.