பாடாத கலியாணம்

போன கிழமை என் தங்கைக்கு வவுனியாவில் கலியாணம். முல்லைத்தீவில் படிப்பிக்கும் நான் மாங்குளம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் பிடித்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. பாடுவதா, விடுவதா?

விஷயம் இதுதான். அப்பா புரொட்டஸ்தாந்து சபையில் உபதேசியார். நானோ இரண்டு வருஷத்துக்கு முன் கத்தோலிக்கத்துக்கு மாறியவள்.

கலியாணத்துக்காகத்தான் மாறுகிறேன் என்று நினைத்து, "ஆர் மாப்பிள்ளை?" என்றுதான் அப்போது எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் இல்லை என்றதும் அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்! நடந்தது வேறு. முல்லைத்தீவில் புயலடித்த ஒரு நாள், மீன்பிடிக்கப் போன வள்ளங்கள் திரும்பவில்லை. கரையில் கத்தோலிக்கப் பெண்கள் மணலில் முழங்காலில் நின்று செபமாலை சொன்னார்கள். நானும் போய் நின்றேன். வள்ளங்கள் வந்து சேர்ந்தன. பெண்கள் எழும்பிப் போனார்கள். எனக்குத்தான் எழும்ப மனம் வரவில்லை... இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அப்பா ஏசவில்லை. சாப்பாட்டுக்கு முன் செபம் பண்ணும்போது என் பெயரை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

கலியாணத்துக்குப் போகலாமா என்று எங்கள் பங்குக் குருவான சுவாமியிடம் கேட்டேன்.

"போங்கோ பிள்ளை, போய் இருங்கோ. ஆனால் அவையின்ரை ஆராதனையிலை சேர்ந்து செபிக்கிறது, பாடுறது வேண்டாம்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தங்கையின் கண் கலங்கிவிட்டது.

"நீங்கள் பாடாமல் எனக்கொரு கலியாணமோ, அக்கா?"

சின்ன வயதிலிருந்து அப்பாவின் சபைக் கோயிலில் அம்மாவும் நானும்தான் பாட்டை எடுத்துக் கொடுப்போம். மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

மறுநாள் கோயிலில் முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழும்பினார்கள். நானும் எழும்பினேன், வாயை இறுக மூடிக்கொண்டு. பின்னால் இருந்தவர்களின் பார்வை முதுகில் குத்தியது.

ஏதோ குறைகிறதே என்று பார்த்தால்... அம்மாவின் குரலையும் காணோம்! பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவாவும் பேசாமல் நின்றா.

"அம்மா, நீங்கள் பாடுங்கோ" என்றேன் மெதுவாக.

"எனக்குத் தொண்டை சரியில்லை."

தொண்டைக்கு என்ன? காலையில் சமையற்காரரை அதட்டிய சத்தம் றோட்டுக்கே கேட்டது! அம்மா என் கையைப் பிடித்தா. கடைசிப் பாட்டு முடியும்வரை விடவில்லை. பீடத்துக்கு முன்னிருந்து திரும்பிப் பார்த்த தங்கை எங்கள் இருவரையும் கண்டு சிரித்துவிட்டாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

கோயில் மாறியவர்களிடம் 'ஏன் மாறினாய்?' என்றுதான் உலகம் கேட்கிறது. மாறிய பிறகு வீட்டுக்கு எப்படிப் போய் வருகிறாய் என்று யாராவது கேட்கிறார்களா? எனக்கு வழி விட்டது அம்மா.

பின்னேரம் விருந்தாளிகள் போன பிறகு குசினியில் பாத்திரம் கழுவினோம். அம்மா கேட்டா:

"இது குசினிதானே பிள்ளை... இஞ்சை பாடலாமோ?"

"குசினியைப் பற்றிச் சுவாமி ஒண்டும் சொல்லேல்லை, அம்மா."

தொடங்கினோம். காலையில் விட்ட அத்தனை பாட்டுகளும் வந்தன. சத்தம் கேட்டு அப்பா வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சேர்ந்துகொண்டார் — வழக்கம்போலச் சுருதி விலகித்தான்.

அந்தச் சுருதியைத் திருத்த எந்தச் சபையாலும் ஆகாது!