டப்பாவில் ஏழு கெப்பாசிட்டர்

அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள். ஈயம் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். ஆம்ப்ளிஃபயர், மைக், ஸ்பீக்கர் என்று எது மக்கர் செய்தாலும் ஈயத்திடம்தான் வந்தாக வேண்டும். முப்பது வருஷமாக ஈயத்தை உருக்கி ஒட்டிய கை. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்தப் புகை வாசம் போகாது. முன்னறை கடை, பின்னறை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பாக்கக் கிளம்பற நேரத்துலதான் எவனாவது ஸ்பீக்கரைக் கொண்டாந்து நீட்டறான்" என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய சாமானைத் தூக்கிப் போடமாட்டார். அதில் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, தேதியைப் போட்டு, எதற்காகக் கழற்றினோம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி, ஆளுக்கொரு சின்ன டப்பாவில் போட்டு வைப்பார். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு. கடைசியில் அந்தப் பழக்கமே அவரைக் காட்டிக்கொடுத்தது.

தங்கையைக் கட்டிய மச்சான் ஒரு குழுவோடு ஹோட்டல்களிலும் விருந்துகளிலும் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். மச்சான் ஆவதற்கு முன்பே சிநேகிதன், அதனால் இருவருக்குள்ளும் மரியாதை கிரியாதை எதுவும் கிடையாது. மச்சானின் பழைய வால்வு ஆம்ப், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிறவனைப் போல மந்தமாக ஒலிக்கும். அதற்கு மருந்தாக ஈயம் தன் கையாலேயே ஒரு ட்ரெபிள் பூஸ்டர் செய்து கொடுத்தார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். உள்ளே ஒரு பழங்கால டிரான்சிஸ்டரும் நாலைந்து சில்லறைச் சாமான்களும். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் நேராக இதற்குள் போகவேண்டும், இதிலிருந்து ஆம்புக்குப் போகவேண்டும். மிதித்தால் போதும், கீச்சென்ற மேல்ஸ்தாயிச் சத்தம் எழும்பி ஆம்பைப் பிடித்து உலுக்கிவிடும். மந்தமாக முனகிக்கொண்டிருந்த அதே ஆம்ப் வாய்விட்டுப் பாடும்.

"அடேய், இது இத்தனை நாளா இந்த ஆம்புக்குள்ளதான் இருந்துச்சா!" என்று மச்சான் அன்றைக்கு ஈயத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி. அது ஒன்றரை வருஷம் தாங்கும். "உன் பொட்டியும் உன்னை மாதிரியேதான்டா. சோறே கேக்க மாட்டேங்குது" என்று மச்சான் கிண்டல் செய்வார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதியம் சாப்பிட்ட கையோடு மச்சான் வந்துவிடுவார். சாக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ஒரு தடவை ஒயர், ஒரு தடவை சுவிட்ச். மூன்று கால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை ஊர்க்கதைதான். அந்த ஒரு நாளுக்காக ஈயம் கடையைப் பெருக்கி, பிஸ்கட் வாங்கி, காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நாட்களில் அவரோடு பேசியவர்கள் எல்லாரும் ஸ்பீக்கரைப் பற்றித்தான் பேசினார்கள்.

பெட்டி செய்து ஒரு வருஷம் ஆனபோது மச்சான் முதல்முறையாகச் சொன்னார். "கொஞ்சம் மந்தமா இருக்குடா. இன்னும் பளிச்சுனு வேணும்."

அதற்கு வழி இருந்தது. பெட்டிக்குள் கிட்டார் ஒயர் நுழையும் வாசலில் மிளகு சைஸில் ஒரு கெப்பாசிட்டர். கட்டையான அடிச்சத்தத்தில் எவ்வளவை உள்ளே விடலாம் என்று தீர்மானிப்பது அதுதான். அதைவிடக் குறைந்த மதிப்பில் ஒன்றைப் போட்டால் கனம் வடிந்து கூர்மை மட்டும் மிஞ்சும். ஈயம் பழையதைக் கழற்றினார், புதியதை வைத்தார். கழற்றியதில் டேப் ஒட்டித் தேதி போட்டு 'மந்தம்' என்று எழுதினார். மச்சானுக்கு வாயெல்லாம் பல். "உன் கை பட்டாத்தான்டா சத்தமே வருது!"

பத்து மாதம் கழித்து மறுபடியும் மந்தம். அதற்கப்புறம் இன்னொரு முறை. மூன்றாவது கெப்பாசிட்டரையும் கழற்றி, இன்னும் சிறியதைப் போட்டுக் கிட்டாரைச் செருகியபோதுதான் அது நடந்தது. பெட்டியை ஆம்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் 'கீ'யென்று ஒரு சத்தம் கிளம்பியது. ஊசியைக் காய்ச்சிக் காதுக்குள் விட்ட மாதிரி. ஈயம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பக்கத்துக் கடைத் தையல்காரர், கழுத்தில் இஞ்சு டேப்போடு ஓடிவந்து, "யோவ், மனுஷன் குடியிருக்கறதா வேண்டாமா?" என்று கத்தினார்.

மச்சான் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். "என்னாச்சு? இவரு ஏன் இப்படி ஓடியாராரு?" என்றார்.

காதைப் பொத்தாத அந்தக் கையை ஈயம் பார்த்தார். சுவிட்சை அணைத்தார். தையல்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவைத்தார். ஆம்பிலும் கோளாறில்லை, பெட்டியிலும் கோளாறில்லை. முப்பது வருஷம் கோளாறு கண்டுபிடித்த மனுஷனுக்கு இது எங்கே என்று தெரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே, அந்த ஸ்டூலிலேயே, "டேய், கோளாறு உன் காதுலடா" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டார். கிட்டார்காரனிடம் போய்க் காதைப் பற்றி எப்படிச் சொல்வது, அவன் மனசு உடைந்துவிடாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அது பாதி நிஜம். மீதியை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. சொல்லிவிட்டால் மாற்றுவதற்குக் கெப்பாசிட்டர் இருக்காது. மச்சான் டாக்டரிடம் போவார், இங்கே எதற்கு வருவார்? முதல் சனிக்கிழமை போய்விடும்.

ஆக மூன்றைத் தெரியாமல் மாற்றினார். அடுத்த நான்கைத் தெரிந்தே மாற்றினார். பெட்டி கூர்மையாக ஆக ஆக, மச்சான் அதை இன்னும் சத்தமாக வைத்து, ஆம்புக்கு முன்னால் இன்னும் நெருங்கி நின்று வாசித்தார். குழுவில் பாடுகிற பெண்மணி ஒருநாள் மைக்கைப் பழுது பார்க்க வந்தவர், "உங்க மச்சான் வாசிச்சா எனக்குப் பல்லு கூசுதுங்க" என்று சொல்லிவிட்டே போனார். ஈயம் அதையும் மச்சானிடம் சொல்லவில்லை.

இப்படியே இன்னும் எத்தனை வருஷம் ஓட்டியிருப்பாரோ தெரியாது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை மச்சான் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் மேஜையருகே வந்து கிசுகிசுத்தாள்.

"மாமா, அப்பாவுக்கு என்மேல கோவமா?"

"ஏன் பாப்பா? எதுக்குக் கோவம்?"

"கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறாரு. அம்மா கூப்பிட்டா மட்டும் திரும்பறாரு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

தங்கைக்குக் கட்டைக்குரல். பிள்ளைக்கு மெல்லிய கீச்சுக்குரல். எந்தக் குரல் எட்டும், எது எட்டாது என்று ஈயத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "இல்லடா செல்லம், நீ ஒண்ணும் பண்ணல" என்றார். அன்றைக்கு அவருக்குப் பிஸ்கட் இறங்கவில்லை. சாயங்காலமே தங்கைக்குப் போன் செய்து, காது டாக்டரிடம் காட்டச் சொன்னார். தானும் கூட வருவதாகச் சொன்னார். சட்டைப் பையில் மச்சானின் டப்பாவைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு ஒரு தாளைக் காட்டினார். பாதிவரை நேராகப் போன கோடு, அப்புறம் படிக்கட்டில் உருண்டது போலக் கீழே போயிருந்தது. "உச்சத்துல இருக்கற சத்தம் நிறையப் போயிருக்கு. போனது திரும்ப வராது, மெஷின் வெச்சுச் சமாளிக்கலாம். எப்பலேர்ந்து இப்படி?"

"ஆறு மாசமா இருக்கும்" என்றார் மச்சான்.

"ஒரு வருஷம் டாக்டர்" என்றாள் தங்கை.

ஈயம் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஆறு வருஷம்" என்றார்.

மச்சானுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து டேப்பைப் படித்தார். மந்தம். மந்தம். மந்தம். நான்காவதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான்காவதில், தேதிக்குக் கீழே, ஈயத்தின் குண்டு குண்டு எழுத்தில் 'காது' என்று இருந்தது. ஐந்தாவதிலும் காது. ஆறு, ஏழு, எல்லாவற்றிலும் காதுதான். கோளாறு எதுவோ அதைத்தானே அந்த மனுஷன் எழுதுவார்!

டாக்டரம்மாவும் எட்டிப் பார்த்தார். "இந்தத் தேதியிலயே வந்திருந்தா பாதிக்கு மேல காப்பாத்தியிருக்கலாமே. சத்தத்தைக் குறைச்சு, காதுல அடைப்பான் வெச்சுட்டு வாசிச்சிருந்தாலே போதுமே" என்றார்.

மச்சான் அந்த நான்காவது கெப்பாசிட்டரை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கையால எழுதத் தெரிஞ்சுது" என்றார். "வாயால சொல்லத் தெரியலையாடா?"

ஈயம், "சொன்னா நீ வரமாட்டேன்னு..." என்று ஆரம்பித்தார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்து, பாதியில் நிறுத்திவிட்டார். மச்சான் எழுந்து வெளியே போனார். டப்பாவை ஈயம்தான் மூடி எடுத்துக்கொண்டார்.

அடுத்த முதல் சனிக்கிழமை பிஸ்கட் வாங்கினார். அதற்கு அடுத்த மாதமும் வாங்கினார். மூன்றாவது மாதம் தங்கை மட்டும் வந்தாள். பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தாள்.

"முதல்ல இருந்ததையே போட்டுத் தரச் சொன்னாருண்ணா. 'எனக்குக் கேக்காட்டி போவுது, எதுக்கால உக்காந்திருக்கறவங்களுக்காவது நல்லா கேக்கட்டும்'னாரு."

"மெஷின் வெச்சிருக்கானா?"

"ம். இப்ப பாப்பா கூப்பிட்டா திரும்பறாரு. அவ வேணும்னே நாளைக்கு நூறு தடவை கூப்பிடறா."

"நல்லதும்மா." பெட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அவன் வரலையா?" என்று கேட்டார்.

தங்கை இல்லையென்று தலையை ஆட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை.

டப்பாவிலிருந்து முதல் கெப்பாசிட்டரை எடுத்து, டேப்பை உரித்து, அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்து ஒட்டினார். கடைக் கிட்டாரைச் செருகி ஒரு கம்பியைத் தட்டினார். ஆறு வருஷம் கழித்து அந்தப் பழைய சத்தம், கனமும் கூர்மையுமாக, சுவரெல்லாம் பட்டுத் திரும்பியது. இவ்வளவு நல்லதைத் தன் கையாலேயே ஏழு முறை கெடுத்திருக்கிறோமே என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், தங்கைக்கு எதிரில் வெட்கப்படவில்லை.

பேட்டரியும் மாற்ற வேண்டியிருந்தது. இழுப்பறையைத் திறந்தார். உறை பிரிக்காத புதியது ஒன்று கிடந்தது. பக்கத்தில், ஏதோ மைக்கிலிருந்து கழற்றிய, தீரும் நிலையிலிருந்த பழையது ஒன்று. கை பழையதைத்தான் எடுத்தது. இதைப் போட்டால் இரண்டே மாதத்தில் உயிர் விட்டுவிடும். பெட்டி ஊமையானால் மச்சான் வந்துதானே ஆகவேண்டும். வந்தால் உட்காருவார், உட்கார்ந்தால் ஒரு வார்த்தையாவது பேசுவார்.

"என்னண்ணா யோசிக்கறே?" என்றாள் தங்கை.

"ஒண்ணுமில்லம்மா."

பழையதைக் குப்பைக்கூடையில் போட்டார். அவர் எதையும் குப்பையில் போட்டுத் தங்கை பார்த்ததே இல்லை. புதியதன் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்து, பெட்டிக்குள் வைத்து, நான்கு திருகாணியையும் ஒவ்வொன்றாக முடுக்கினார்.

"ஒன்றரை வருஷத்துக்குக் கவலையே இல்லேன்னு சொல்லிடு" என்றார்.