அந்த ஆடிக் காப்பு

என் அண்ணனுக்குக் கூச்சம் அதிகம். அதற்கு பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டார் பாருங்கள், அதில்தான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று தெரிந்ததும் அண்ணி அவரை விடவில்லை. நான்தான் வண்டியில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, ஆசனவாய் வழியாக விரல் விட்டு புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் சட்டென்று எழுந்து நின்று மணிக்கட்டைக் காட்டினார். தெரு அம்மன் கோயில் தீமிதிக்காக மஞ்சள் காப்பு கட்டியிருந்தார்.

“காப்பு கட்டிக்கினு இருக்கறேன் டாக்டர். அந்த எடத்துல கை வெக்கக் கூடாது.”

டாக்டர் வாதாடவில்லை. “சரி, தீ மிதிச்சிட்டு வாங்க. ரத்தத்துல தெரியாதது சில சமயம் விரலுக்குத் தெரியும். கண்டிப்பா வரணும்” என்றார்.

தீ மிதித்தார். காப்பையும் அவிழ்த்தார். அதற்குள் ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டது.

“ரத்தமே நல்லாருக்குதாம். அப்புறம் வெரலு என்னாத்துக்குபா?” என்று தறியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சில மாதங்களில் இடுப்பு வலித்தது. எங்கள் தெருவில் இடுப்பு வலிக்காத ஆண் கிடையாது. குழித்தறியில் காலை இறக்கி நாளெல்லாம் குனிந்திருப்பவனுக்கு இடுப்பு வலிக்காமல் பல்லா வலிக்கும்? தைலம் தேய்த்தோம். ஒருநாள் குழியிலிருந்து அவரால் எழவே முடியவில்லை. தூக்கித்தான் வெளியே எடுத்தோம்.

அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் டாக்டரின் விரல் உள்ளே போனது. “கல்லு மாதிரி இருக்குது” என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். எலும்பெல்லாம் புற்றுநோய் பரவியிருப்பதை ஸ்கேன் காட்டியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அண்ணனுக்கு வந்திருப்பதால் தம்பியும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். போனேன். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தேன். ஒன்றுமில்லை என்றார். சந்தோஷப்படவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையிலிருந்தே அண்ணன் கேட்டார்.

“வலிச்சுதாபா?”

“இல்லண்ணா.”

“எவ்ளோ நேரம் ஆச்சு?”

“சட்டைக்குப் பட்டன் போடற நேரம்கூட ஆவலண்ணா.”

“அவ்ளோதானா?” என்றார்.

அண்ணி அடுப்படியில் இருந்தார். அவர் காதில் விழக்கூடாது என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு அண்ணன் அழுதார்.