நிருதி லிங்கத்தைத் தாண்டி நின்றுபோன புள்ளி

மாலை ஐந்து பத்துக்கு என் கைப்பேசித் திரையில் நகர்ந்துகொண்டிருந்த நீலப் புள்ளி நின்றுவிட்டது. அந்தப் புள்ளிதான் என் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பௌர்ணமிக்குத் தனியாக மலை சுற்றப் போனது அதுவே முதல் தடவை. பாதையில் வரும் எட்டு லிங்கங்களில் நான்காவதான நிருதி லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன புள்ளி அங்கேயே சாம்பல் நிறமாகிக் கிடந்தது. அழைத்தால் ஸ்விட்ச் ஆஃப் என்றது. போன வாரம்தான் காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தாள். எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பாளோ என்ற நினைப்பு வந்துவிட்டது.

அவள் போனது என் அக்காவுக்காக. முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் மலை சுற்றுவதாக அக்காவுக்கு வேண்டுதல். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அவ்வளவு தூரம் நடக்க இன்னும் பல மாதம் ஆகும். "பெரியம்மாவுக்குப் பதிலா நான் சுத்தறேன்" என்று இவள் கிளம்பிவிட்டாள்.

பெங்களூரில் இருந்த அக்காவை அழைத்தேன்.

"நிருதி லிங்கத்துல கற்பூரம் காட்டுறப்ப கட் ஆச்சுடி. நெட்டுதான் கம்மினு நெனச்சேன்."

"அதுவரைக்கும் பேசிட்டிருந்தாளா?"

"இந்திர லிங்கத்துல இருந்து வீடியோ கால்லதான் இருந்தேன். எட்டையும் காட்டறேன்னு சொன்னா. நடுவுல எதுக்கு வைக்கணும், நானே சுத்தினாப்ல இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒன்றரை மணி நேரம், ஒரு நிமிடம் விடாமல்.

"மூணு மணிக்குக் கிளம்பறப்ப நூறு இருந்துச்சுங்க, நானே பாத்தேன்" என்றேன் கணவரிடம்.

"இருந்தா? செங்கம் ரோட்டுல வெயிலுக்கு எதிர்ல நடக்கறா. திரை தெரியலன்னு வெளிச்சத்த முழுசா ஏத்தியிருப்பா. கேமரா வேற ஓடுது. வந்திருக்கற கூட்டம் மொத்தமும் ஒரே டவரப் புடிச்சி இழுக்குது. சந்தையில பேசணும்னா நம்ம கத்தறோம்ல, போனும் அப்படித்தான் கத்தும். அதுக்கு மேல நீ லொகேஷன் போட்டு வைன்ன. மூணு வருஷத்து பேட்டரி, என்னா பண்ணும்?"

"அவ வந்தப்புறம் சொல்லுங்க இதெல்லாம்."

போய்த் தேடலாம் என்றேன். பௌர்ணமியன்று அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். பாதையில் இன்னும் முன்னே இருக்கும் அடி அண்ணாமலைப் பக்கமிருந்து எதிரே நடந்து வரலாம் என்றால், மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் எல்லோரும் சுற்றுவார்கள். "ஊரே எதிர்ல வரும். அதுல இவ மூஞ்சிய எங்கன்னு பாப்ப?" என்றார் கணவர்.

மறுபடி அழைத்தேன். மறுபடி. கடைசியில் அவர் என் கைப்பேசியைப் பிடுங்கி சார்ஜரில் செருகினார். பதினெட்டு சதவீதம்தான் இருந்தது. "இப்படியே அடிச்சிட்டிருந்தா உன்னுதும் படுத்துடும். அவ வேற யார் போன்ல இருந்தாவது கூப்பிட்டா எடுக்க ஆள் வேணும்ல."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மலை சுற்றப் போகிறவர்கள் பையில் பவர் பேங்க் இல்லாமல் படி இறங்குவதில்லை. லிங்கத்துக்கு ஒரு சின்ன வீடியோ கால், பார்த்ததும் வைத்துவிட வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் ஃப்ளைட் மோடில் போடுகிறோம், இல்லாவிட்டால் டவரைத் தேடியே பாதி சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. நிழலுக்கு வந்ததும் திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறோம். லொகேஷன் மட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை. மணிக்கு ஒரு தடவை போட்டு அணைத்தால் போதும் என்பது வரைக்கும் இறங்கி வந்திருக்கிறேன்.

அன்றைக்கு ஏழரை மணி வாக்கில் அக்கா கூப்பிட்டாள்.

"ஈசானிய லிங்கம் பாத்துட்டேன்டி. நடுவுல மூணு போச்சு, பரவால்ல."

"எப்படிப் பாத்த? அவ எங்க இருக்கா?"

"அங்கதான் நின்னு காட்டினா. பாதியிலேயே கட் ஆயிடுச்சு."

"நல்லா இருக்காளா?"

"நல்லாத்தான் சிரிச்சா. கால்தான் வலிக்குதாம்."

சார்ஜர் ஒயர் எட்டும் தூரத்தில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கோயிலில் சுற்றை முடித்துவிட்டு, ஆட்டோ கிடைத்து, அவள் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. நெற்றி நிறைய விபூதி, பாதம் முழுக்கப் புழுதி.

"ஒம்போது பர்சன்ட்தான்மா இருந்துச்சு. பெரியம்மாவுக்குக் கடைசி லிங்கமாவது காட்டலாம்னு நான்தான் ஆஃப் பண்ணேன். உனக்கு மெசேஜ் போட்டேன், போகாம சுத்திட்டே கெடந்துச்சு."

"ஒரு வார்த்த கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லடி."

"கூப்பிட்டா நீ வைக்கவே மாட்டியேம்மா."