அடிக்குரலுக்கு ஒரு ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரர் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவர். பேஸ் என்றால் அடிக்குரல். பெண்கள் மெட்டை மேலே தூக்கிக்கொண்டு போவார்கள். நாலு ஆண்கள் கீழே நின்று அதைத் தாங்கிப் பிடிப்பார்கள். அந்த நாலு பேரில் இவர் ஒருவர். கிறிஸ்துமஸ் ஆராதனையில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் வலது ஓரமாக நிற்பார். பார்க்க ரொம்ப நன்றாக இருக்கும். கேட்கத்தான் முடியாது.

இதை முதலில் சொன்னது நானில்லை, எங்கள் மகள். ஆலயத்து ஆண்டு விழாவுக்காக அந்தக் குழு ஒரு சிடி போட்டது. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். முடிச்சூர் வீட்டில் கீழ்த்தளத்தில் இருந்த பழைய செட்டில் போட்டுக் கேட்டோம். ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம் முடிந்ததும் கீபோர்டு நின்றுவிடும். ஒரு மூச்சு விடுகிற நேரம் மௌனம். பிறகு கடைசிச் சரணத்தை இந்த நாலு பேர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இடம் வந்தபோது எங்கள் செட்டில் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

"இதுல நீங்க எங்கப்பா? போட்டோல மட்டும்தான் இருக்கீங்க போல" என்றாள் மகள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? "வாயை மட்டும் அசைச்சுட்டு வந்திருப்பாரு" என்றேன். அவரும் சிரித்தார். அன்றைக்குப் பிடித்தது, வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவரை ஓட்டுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

வெள்ளம் வந்த வருஷம் அந்த செட் தண்ணீரோடு போயிற்று. சிடி தப்பியது, அதை மட்டும் அவர் சட்டைக்குள் செருகிக்கொண்டு மாடி ஏறியிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாட்டு என்றால் மிக்ஸி பக்கத்தில் வைத்திருக்கும் உள்ளங்கை அளவு ப்ளூடூத் பெட்டிதான். அதில் அடிக்குரல் என்ற சங்கதியே கிடையாது. முழுக் குழுவும் கொசு ரீங்காரம் மாதிரி கேட்கும்.

அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமாமல் ஒரு வார்த்தை வராது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "க்கும்" என்ற பிறகுதான் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். இதோ பேசப் போகிறார் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் மணி.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அந்த மணி அடித்தது.

"க்கும். நல்லதா ரெண்டு ஸ்பீக்கர் வாங்கலாம்னு இருக்கேன்மா."

"இப்ப எதுக்கு? இருக்கிறது போதாதா?"

"அந்தப் பாட்டை ஒரு தடவை ஒழுங்கா கேக்கணும். நான் பாடுனது அதுல கேக்குதான்னு பாக்கணும்."

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக எங்களோடு சேர்ந்து சிரித்தாரே மனுஷன், அது உள்ளே போய் உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. "சரி, வாங்கிடுவோம்" என்றேன். நான் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டதைப் பார்த்து அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் பாட்டுக் கேட்க என்று மட்டும் சொன்னோம். ஆம்ப்ளிஃபையரை அவளே வாங்கி அனுப்பிவிட்டாள். ஸ்பீக்கரை மட்டும் காதால் கேட்டுத்தான் வாங்குவேன் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். புத்தக அலமாரியில் வைக்கிற சின்ன ஜோடிதான் எங்கள் கூடத்துக்குச் சரிப்படும். டேப் வைத்து அலமாரியை நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்தார். அகராதிகள் கீழ்த்தட்டுக்கு இறங்கின.

முதலில் நாவலூரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். சிடியிலிருந்து அந்தப் பாட்டை ஏற்றி இவர் நீட்டிய பென் டிரைவை அங்கே விற்பனைப் பையன் தொடவே இல்லை. தன் பாட்டைப் போட்டு நெஞ்சு அதிர அதிர இடித்தான். "செம பேஸ் சார்!" என்றான். இவர் தொண்டையைச் செருமினார், அது அந்த இடியில் யாருக்குக் கேட்கும்? கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தது குரோம்பேட்டையில் அஸ்தினாபுரம் போகிற வழியில் ஒரு பாய் கடை. பின்னால் ஜமுக்காளம் விரித்த சின்ன அறை, கண்ணாடிக் கதவு. கதவைச் சாத்தினால் வெளியே பஸ் போவதே தெரியாது. பாய் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ரெண்டு ஜோடி கீது சார். ரெண்டும் நல்ல பொட்டிதான். உங்க பாட்டையே போட்டுக் கேளுங்க, எனக்கு இன்னா அவசரம்?"

முதலில் கறுப்பு ஜோடி. மூன்றாம் சரணம் வந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அடிக்குரல் கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வருகிற மாதிரி அறை முழுக்க நிரம்பியது. இவர் முகம் மலர்ந்தது. அப்புறம் புருவம் சுருங்கியது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டார்.

"க்கும். இதுல நான் எதுன்னு..." என்று இழுத்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நாலு பேர் குரலும் கூழாகக் கலந்து கிடந்தது. இவர் குரலைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை.

அடுத்து மரக்கலர் ஜோடி. அடிக்குரல் மெலிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று சுட்டிக் காட்டலாம் போலிருந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. கீபோர்டு நின்றது. அந்த ஒரு மூச்சு மௌனம். அப்போது வலது பக்கத்து ஸ்பீக்கரில், ஓரத்திலிருந்து, மெதுவாக:

"க்கும்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் வாய் திறக்கவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"ஐயோ, பாய்! திரும்பப் போடுங்க!" என்று கத்திவிட்டேன். திரும்பப் போட்டார். மறுபடியும் அதே செருமல், அப்புறம் அந்த நாலு பேர். செருமல் வந்த இடத்திலேயே காதை வைத்துக்கொண்டு போனால் இவர் குரல் தனியாகப் பிடிபட்டது. வாயை அசைத்த குரலா அது! சுருதி பிசகாமல், அவசரப்படாமல், நடக்கும்போது எப்படி நடப்பாரோ அப்படிப் பாடிக்கொண்டு போயிருந்தார் மனுஷன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இவருக்கோ மானம் போய்விட்டது. "ஆலயத்து சிடில போய் செருமி வச்சிருக்கேன் பாரு. இத்தனை வருஷமா அது அதுலயே இருந்திருக்கு. வேண்டாம்மா, அந்தக் கறுப்பையே வாங்கிடலாம். அதுல குரல் பெருசா இருக்கு."

"பெருசா இருந்து? யாரோடதுன்னு தெரியலையே."

"பாட்டு கெடுதும்மா."

"கெடட்டும். பேஸ் நாலு பேரு பாடுறீங்க. 'க்கும்'னு ஒரே ஒரு ஆள்தான் சொல்றாரு. எனக்கு அந்த ஆள் கேட்டா போதும்."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. பாய் கண்ணாடிக் கதவைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் பாயிடம், "அந்த மரக்கலரையே கட்டிக் குடுங்க" என்றார். அதைச் செருமாமலே சொன்னார்.

போன வாரம் மகள் வந்தாள். செருமல் கதையைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டைப் போட்டேன். இவர் 'வேண்டாம்' என்று எனக்குக் கையால் ஜாடை காட்டினார். யார் கேட்டது? இரண்டாம் சரணம் முடிந்தது. கீபோர்டு நின்றது.

"க்கும்."

மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

இவர் வாயை இறுக மூடிக்கொண்டு வலது பக்கத்து ஸ்பீக்கரைக் காட்டினார். அங்கே அவர் கடைசிச் சரணத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.