ஒன்பதாம் பலகையின் குதிரை

என் அத்தைக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. ஆனால் அவளிடம் ஆயிரத்து நூற்று நாற்பது சதுரங்கக் காய்கள் இருந்தன. அத்தனையும் ஒற்றைக் காய்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அதே நாற்காலி. ஒருமுறை திருகாணிகளைப் போட்டுவைக்கப் பழைய சாமான் கடையில் ஒரு மரப்பெட்டி வாங்கினாள். உள்ளே சதுரங்கக் காய்கள் இருந்தன. முப்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று. குறைந்த சிப்பாய்க்காக இன்னொரு பெட்டி வாங்கினாள். அதில் இருபத்தெட்டு. அந்தப் பெட்டியின் சிப்பாய் இதைவிட இரண்டு மில்லிமீட்டர் உயரம். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை என்பார் பஸ் ஓட்டும் என் மாமா.

கைவசம் மிஞ்சியதை, பொழுதுபோக்காகச் சேகரிப்பவர்கள் வாங்கி விற்கும் ஓர் இணையதளத்தில் விற்க ஆரம்பித்தாள். காயைத் தொலைத்தவர்கள் அதன் ஜோடியைப் படமெடுத்து அனுப்புவார்கள். அத்தை அளவுகோலால் உயரம், அடிவட்டம், அடியில் ஒட்டிய துணியின் நிறம் எல்லாம் பார்த்துப் பொருத்தமானதை அனுப்புவாள். குதிரைகள்தான் அதிகம் போகும். நாய்கள் அவற்றின் காதைக் கடித்துவிடுகின்றன.

"குதிரை எப்படி நகரும்னாவது உனக்குத் தெரியுமா?" என்று மாமா கேட்பார்.

"தபால்ல நகர்ந்தா போதுங்க."

தொடக்கத்தில் தளம், விற்றதில் சிறு பங்கு எடுத்துக்கொண்டது. பிறகு தபால் செலவிலும் பங்கு கேட்டது. போன வருடம் 'உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்ய' என்ற தலைப்பில் ஒரு கடிதம் வந்தது. இனி காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், விற்றாலும் விற்காவிட்டாலும், மாதக் கட்டணம். ஒரு சிப்பாய் இரண்டு மாதம் நின்றால் அதன் விலையை அதுவே தின்றுவிடும்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்," என்றார் மாமா.

"கூலி கேக்கறவன் சுமந்தாலாவது பரவாயில்ல. சுமக்கறதும் நான்தானே?"

வீட்டுப் பணத்தை இதில் போட மாட்டேன் என்று அவளே சொன்னாள். காய் வியாபாரம் எத்தனை பொருளுக்குக் கட்டணம் சம்பாதிக்கிறதோ அத்தனைதான் காட்சியில் நிற்கும். ஆனால் தேடுகிறவர் கண்ணில் படாத ஒற்றைக் காய் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? அந்தக் கவலையில் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் வழி கண்டுபிடித்தாள். காய்களைத் தொலைக்கிறவர்கள் பலகையைத் தொலைப்பதில்லை. வீட்டில் பலகைகள் ஏராளம். ஒரு பலகையில் முப்பது காய்களை, ஒன்றையொன்று மறைக்காமல் இடைவெளி விட்டு நிறுத்தி, மொத்தமாக ஒரு படம், ஒரு பொருள். வேண்டிய காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று எழுதினால் போதும். ஆயிரத்து நூற்று நாற்பது பொருள், முப்பத்தெட்டாகச் சுருங்கியது.

முதல் வாரத்தில் அறுபது கடிதங்கள் வந்தன. அயல்மொழியில் வந்தவற்றை நான் படித்துச் சொன்னேன்.

"எத்தனை பேர் வாங்கறாங்களாம்?"

"யாரும் இல்ல அத்தை. நாலாவது பலகையில ஏழு ராஜா இருக்கறது சட்டப்படி தப்பாம். பதினொன்னுல கருப்பு தோத்தாச்சாம். நீங்க எதுக்கு இன்னும் ஆடறீங்கன்னு கேக்கறாங்க."

"நான் எங்கடி ஆடினேன்?"

ஒன்பதாம் பலகையில் தற்செயலாக, நிஜ ஆட்டம்போல வெள்ளைக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று என்று ராஜாக்கள் இரண்டு பேர்தான். ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை மூன்று நகர்வில் வெல்லும், ஆனால் அந்தக் கருப்புக் குதிரை இடிக்கிறது, தீர்வு கிடைக்கும்வரை எதையும் விற்காதீர்கள் என்று எழுதினார். இது விற்பனைக்கு வைத்தது என்று அத்தை பதில் அனுப்பினாள். உடனே அவர் குதிரையை வாங்கிப் பணமும் கட்டிவிட்டார். குறிப்பில், 'அனுப்ப வேண்டாம். நிற்கும் கட்டத்திலேயே நிற்கட்டும்.' மறுநாள் அதே பலகையில் இன்னும் பதினான்கு காய்களை அதே நிபந்தனையுடன் வாங்கினார். முப்பத்தெட்டுப் பலகைக்கும் அந்த மாதக் கட்டணம் தேறிவிட்டது.

"சரக்கும் போகல, காசும் வந்தாச்சு," என்றார் மாமா. "இப்படி இன்னும் நாலு பைத்தியம் கெடைச்சா நான் பஸ்ஸை விட்டுடலாம்."

வியாழக்கிழமை ஒரு நர்ஸ் எழுதினாள். டயாலிசிஸ் மையத்தில் வேலை. அங்கே வாரத்தில் மூன்று நாள் அடுத்தடுத்த படுக்கைகளில் இரண்டு பேர் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒரு கருப்புக் குதிரை காணாமல் போனதால் மருந்து பாட்டில் மூடியை வைத்து ஆடுகிறார்கள். மூடியை நகர்த்தியதா, கை பட்டு விலகியதா என்று ஒவ்வொரு முறையும் சண்டை. மற்ற குதிரையின் படமும் அளவும் இருந்தன.

அத்தை தன்னிடமிருந்த கருப்புக் குதிரைகள் எல்லாவற்றையும் அளந்தாள். ஒன்றுதான் பொருந்தியது. ஒன்பதாம் பலகையில் நின்றது.

"அது அந்த ஆளோடது," என்றார் மாமா. "காசு குடுத்து வாங்கியிருக்கான்."

"வாங்கினா எடுத்துட்டுப் போகணும். நிக்க வைக்கறதுக்கு நான் என்ன லாயமா நடத்தறேன்?"

"விற்பனையை ரத்து பண்ணினா தளம் அதோட பங்கைத் திருப்பித் தராது. உன் பேர்ல சிவப்புக் குறியும் போடுவான்."

"போடட்டும்."

"அவன் மத்ததையும் வேண்டாம்னுட்டா?"

அத்தை விற்பனையை ரத்து செய்தாள். குதிரையைப் பஞ்சில் சுற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து, தபாலில் சேர்த்தாள்.

அளவையர் மற்ற பதினான்கையும் வேண்டாம் என்றுவிட்டார். குதிரை இல்லாத பலகையில் யோசிக்க எதுவுமில்லை, குழந்தைகூட வெள்ளையை ஜெயிக்க வைத்துவிடும் என்பது அவர் குற்றச்சாட்டு. நர்ஸும் எழுதினாள். குதிரை வந்துவிட்டது, ஆனால் இப்போது தோற்றால் மூடியின் மேல் பழிபோட முடிவதில்லை என்று ஒருவருக்கு வருத்தமாம்.

மாதக் கடைசியில் காய் விற்ற வருமானம் இருபத்தேழு பலகையின் கட்டணத்துக்குத்தான் வந்தது. மாமா அன்று பஸ்ஸிலிருந்து வந்ததும் பர்ஸை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இந்த ஒரு மாசம் மட்டும் நான் குடுக்கறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என்கிட்ட சொல்லிட்டீங்களே," என்றாள் அத்தை.

பதினொரு பலகைகளைத் தளத்திலிருந்து எடுத்தாள். எதை முதலில் எடுப்பது என்று அவள் தயங்கியதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அளவையரிடமிருந்து ஒரு வரி வந்தது. ஒன்பதாம் பலகை எங்கே?

"என்ன எழுத அத்தை?"

அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிலுக்கடியில இருக்குன்னு எழுது. அவரு வாங்க வேண்டாம்னு சொன்ன பதினாலு காயும் அங்கேயேதான் நிக்குது, நான் எதையும் தொடலன்னு எழுது."