கல்வெட்டில் இல்லாத அண்ணி

டென்மார்க்கிலை, ஹேர்னிங் நகரத்திலை எங்கடை ஆக்களின்ரை செத்தவீடு எண்டால் கல்வெட்டு எழுத என்னைத்தான் கூப்பிடுவினம். முப்பத்தோராம் நாள் வாறாக்களுக்குக் குடுக்கிற சின்னப் புத்தகம் அது. செத்தவரின்ரை வாழ்க்கை வரலாறு அதிலை வரும். நான் எழுதினால் எந்த முசுடும் தங்கமான மனுசனாகிவிடும். அதிலை எனக்குப் புளுகமும் பெருமையும் வேறை.

போன வருசம் என்ரை சொந்த அண்ணைக்கும் நான்தான் எழுதினன். “தனித்து வாழ்ந்து ஊருக்கு உழைத்த உத்தமர்.” அண்ணியைப் பற்றி ஒரு சொல் போடேல்லை. இருவது வருசம் குடும்பம் நடத்திப்போட்டு, அண்ணையை விட்டு வைலே எண்ட ஊருக்குப் போனவ. ஏன் போனவ எண்டு எனக்குத் தெரியாதோ? டென்மார்க் வந்த புதிசிலை மூண்டு வருசம் அவையின்ரை வீட்டிலைதான் இருந்தனான். அண்ணை குடிச்சால் அடிப்பார்.

முப்பத்தோராம் நாளுக்கு அண்ணியும் வந்தவ. கடைசி வரிசையிலை இருந்து கல்வெட்டை இரண்டுதரம் புரட்டினா. பிறகு கைப்பையுக்கை வைச்சுக்கொண்டு, சாப்பிடாமல் போயிட்டா.

என்ரை மகள் ஜிம்னாசியத்திலை, அதுதான் உயர்தர வகுப்பிலை, கடைசி வருசம். பழைய கதையிலை வாற ஒரு குதிரைவீரனைப் பற்றி ஆய்வு எழுதினாள். ஒருநாள் சாப்பிடேக்கை டெனிசும் தமிழுமாய்ச் சொன்னாள். ஆகப் பழைய பாட்டிலை அவன் பெண்சாதியைப் பனியுக்கை தள்ளிப்போட்டுக் கோட்டைக் கதவைப் பூட்டுறானாம். கொஞ்சக் காலம் போக, அவள் நோய் வந்து சாகிறாளாம், இவன் அழுறானாம். அதுக்குப் பிறகு வந்த புத்தகங்களிலை அவனுக்குப் பெண்சாதியே இல்லை, வாளும் நாடும்தான். இந்தக் காலத்து நாவலிலைதான் அவள் கதவுக்கு வெளியிலை நிண்டு தன்ரை கதையைச் சொல்லுறாளாம்.

“அவனுக்குக் கல்வெட்டு எழுதினவன் கெட்டிக்காரன்!” எண்டு நான் சிரிச்சன்.

அவள் சிரிக்கேல்லை. எழும்பிப் போய் அலுமாரியிலை கிடந்த அண்ணையின்ரை கல்வெட்டை எடுத்து வந்தாள். “அப்பா, இதிலை பெரியம்மா எங்கை?”

எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சுது. “விசர்க்கதை கதையாதை! பெரியாக்களின்ரை விசயத்திலை உனக்கென்ன வேலை?” எண்டு கத்திப்போட்டன். அவள் அதை என்ரை சோத்துக் கோப்பைக்குப் பக்கத்திலை வைச்சிட்டுப் போயிட்டாள். நான் செய்தது அநியாயம். அது எழுதேக்கையே எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வைலேக்குக் காரை எடுத்தன். வாறன் எண்டு ரெலிபோன் அடிக்கேல்லை. வரவேண்டாம் எண்டு அண்ணி சொல்லியிருந்தால் நான் சந்தோசமாய் வீட்டிலை இருந்திருப்பன், அந்தப் பயத்திலைதான்.

“வாரும் தம்பி” எண்டு கதவைத் திறந்தா. தேத்தண்ணி தந்தா. நான் குனிஞ்சுகொண்டே சொன்னன்:

“அண்ணி, கல்வெட்டிலை உங்களை விட்டது என்ரை பிழை. திருப்பி அச்சடிப்பிக்கிறன். உங்கடை பேரையும் போடுறன்.”

“வேண்டாம். எனக்கு அந்தப் புத்தகத்துக்குள்ளை இருக்க விருப்பமில்லை.”

வெக்கக்கேடு, எனக்கு நிம்மதியாய்த்தான் இருந்தது. இவ்வளவுதானே எண்டு நிமிந்து பாத்தன். அவ என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தா.

“அதிலை நான் தேடினது என்ரை பேரை இல்லைத் தம்பி. உம்மடை பேரை. அடுத்த அறையிலை நீர் இருந்தனீர். அவர் அடிக்கத் தொடங்கினால் நீர் ரீவிச் சத்தத்தைக் கூட்டுவீர். ஒவ்வொரு முறையும் எனக்கு அது கேட்டது.”